அஸ்தம்பட்டி ஜெயில்லேருந்து ஏற்காடு வரைக்கும் ஒரு டப்பா பயணம்

வியாழன் ராத்திரி, சேலம்

ஜியோகேச்சிங்னா என்னன்னு மொதல்ல சொல்லிடறேன், அது தெரியாம மேல படிச்சா ஒண்ணும் வெளங்காது. யாரோ ஒருத்தர் எங்கயோ ஒரு டப்பாவ (அதுக்குப் பேரு கேச்) ஒளிச்சி வெச்சி அதோட அட்சரேகை தீர்க்கரேகைய நெட்ல போடுவாரு, நாம ஜிபிஎஸ்ஸ வெச்சி தேடிப் போயி, கண்டுபிடிச்சி, உள்ள இருக்கற குட்டி நோட்டுல பேரையும் தேதியையும் எழுதிட்டு, டப்பாவ இருந்த எடத்துலயே வெச்சிட்டு வந்துடணும். பரிசு கிரிசு ஒண்ணும் கெடையாது. 2000-ம் வருஷம் மே மாசம் ஆரம்பிச்ச வெளையாட்டு இது. அதுவரைக்கும் அமெரிக்காக்காரன் பொதுஜனங்களுக்கான ஜிபிஎஸ் சிக்னல்ல வேணும்னே கொஞ்சம் பிழைய கலந்து விட்டுக்கிட்டு இருந்தான், நாம நிக்கற எடத்த நூறு மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும். மே 2-ம் தேதி அத நிறுத்தினாங்க, மறுநாளே டேவ் உல்மர்னு ஒருத்தர் ஆரிகன் மாநிலத்துல ஒரு காட்டோரமா பக்கெட் ஒண்ண பாதி பொதைச்சி வெச்சி உள்ள பீன்ஸ் டின்னெல்லாம் போட்டு "தேடிக்கங்க"ன்னு நம்பர போட்டாரு. அவ்வளவுதான் கதை. (இன்னிக்கு எடத்துக்காரர் அனுமதி இல்லாம குழி தோண்டி பொதைக்கறது ரூல்படி தப்பு, ஆரம்பிச்சவரே பொதைச்சாரு, அது வேற விஷயம்.)

நம்ம ஊர்ல இத ஆடறவங்க ரொம்ப கம்மி. நான் பெங்களூர்ல வேலைக்குப் போன எடத்துல கத்துக்கிட்டேன், கத்துக்குடுத்தவன் பக்கத்து சீட்டு கண்ணூர்காரன். மொத நாள் அறிமுகத்துல நான் சேலம்னு சொன்னேன். சேலம்னு சொன்னா எல்லாரும் "மாம்பழமா"ன்னு கேப்பாங்க, இல்லன்னா ஸ்டீல் பிளான்ட், அதுவும் இல்லன்னா கொலுசு. இவன் ஒருத்தன்தான் "ஓ, ஜெயில்!"ன்னான். எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சி, எங்கூரப் பாத்து ஜெயிலுன்றானேன்னு. அப்புறம் டீ குடிக்கறப்ப சொன்னான்.

1950 பிப்ரவரி 11. சேலம் சென்ட்ரல் ஜெயில் உள்ள துப்பாக்கிச் சூடு, கம்யூனிஸ்ட் கைதிங்க 22 பேரு செத்தாங்க, அதுல ரொம்பப் பேரு மலபார் விவசாயிங்க. அவங்க ஊருப்பக்கம் வருஷா வருஷம் அந்தத் தேதியில கொடியேத்தி பூப்போட்டு கூட்டம் நடத்துவாங்களாம், சின்னப் புள்ளைலருந்தே "சேலம் ரக்தசாட்சிகள்"னு (தியாகிங்கன்னு அர்த்தம்) காதுல விழுந்துக்கிட்டே இருக்குமாம். நான் அஸ்தம்பட்டியில ட்யூஷன் படிச்சவன், அந்த ஜெயில் மதில ஒட்டி சைக்கிள்ல போனவன், எனக்கு ஒரு வார்த்தை தெரியாது.

அப்பலேருந்து பேசிப் பேசி இந்தப் பயணம். அந்த எடத்த வெச்சி நாங்களே ஒரு கேச் போடணும், அதுக்கு எடம் பாக்கணும், எழுதணும். இன்னிக்கு ராத்திரி அவன் கண்ணூர்லேருந்து ரயில்ல வந்து எறங்கினான். ஷொர்ணூர், பாலக்காடு, கோயமுத்தூர், ஈரோடுன்னு வர்ற அதே பழைய லைன். வந்தவுடனே பசின்னான், ஜங்ஷனுக்கு வெளிய தட்டுவடை செட்டு வாங்கிக் குடுத்தேன். பீட்ரூட் துருவல வடைக்கு நடுவுல வெச்சிக் கடிக்கறத அவனால ஏத்துக்கவே முடியல, ஆனா ரெண்டாவது பிளேட்டும் கேட்டான்.

வெள்ளிக்கிழமை, அஸ்தம்பட்டி

கூட எங்க மாமாவும் வந்தாரு, அம்மாவோட தம்பி, ஏற்காடு ரூட்ல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. "மலை மேல டப்பா வெக்கப் போறீங்கன்னா என்ன வுட்டுட்டு எப்பிடிடா போவீங்க"ன்னு அவரா கெளம்பிட்டாரு. சேலத்துலேருந்து ஏற்காடு போற ரோட்டுலயே அஸ்தம்பட்டியில இருக்கு சென்ட்ரல் ஜெயில், 1862-ல ஆரம்பிச்சது. அதத் தாண்டித்தான் கோரிமேடு, கொண்டப்பநாயக்கன்பட்டி, அடிவாரம், அப்புறம் மலை. ஊட்டிக்குப் போக முடியாம ஏற்காட்டுக்குப் போற அத்தன பேரும் அந்தப் பக்கமா போயிருப்பீங்க, ஜன்னல் வழியா ஒரு நீளச் செவுரு வந்து போயிருக்கும்.

"இங்க எத்தன வாட்டி விசில் ஊதியிருப்பேன் மாப்ள. 'ஜெயிலுக்குப் போறவங்கல்லாம் எறங்குங்க'ன்னு கத்துவேன், பஸ்ஸே சிரிக்கும்" அப்டின்னாரு மாமா. சிரிச்சிட்டு கொஞ்ச நேரம் கழிச்சி, "இப்பிடி ஒண்ணு நடந்துச்சின்னு ஒருத்தன் கூட சொன்னதில்லையேடா"ன்னு கண்ணூர்காரனப் பாத்துக் கேட்டாரு, ஏதோ அவன்தான் இத்தன நாளா மறைச்சி வெச்ச மாதிரி.

ஜெயில் வாசலுக்கு எதிர்ப்பக்கம் நின்னு போன்ல ரீடிங் எடுத்தேன். வடக்கு 11 டிகிரி 40 நிமிஷம் சொச்சம், கிழக்கு 78 டிகிரி 9 நிமிஷம் சொச்சம். சொச்சம் இருக்கே, அதுலதான் வெளையாட்டே. நிமிஷத்துக்கு அப்புறம் மூணு டெசிமல் போடுவோம், அட்சரேகையில கடைசி நம்பர் ஒண்ணு மாறினா தரையில ரெண்டு மீட்டருக்கும் கம்மியா நகரும். அதனால ஒரே எடத்துல நின்னு பல தடவ ரீடிங் எடுத்து சராசரி போடணும். நான் போன தூக்கிப் புடிச்சிக்கிட்டு செல போல நின்னா கேட்ல இருக்கறவருக்கு சந்தேகம் வராம இருக்குமா, ரோட்டத் தாண்டி வந்துட்டாரு.

"என்ன சார், இங்க போட்டோ எடுக்கக் கூடாதுங்க."

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள மாமா முந்திக்கிட்டு, "போட்டோ இல்லீங்க சார், எடத்த அளந்துக்கிட்டிருக்கான்."

"எடத்த அளக்கறாரா? யாருங்க, சர்வேயரா? யாரு அனுப்பிச்சது?"

அதுக்கப்புறம் பத்து நிமிஷம் நான் வெளக்கம் குடுத்தேன். ஜிபிஎஸ், வெளையாட்டு, உள்ள வரப்போறதில்ல, மதில் பக்கத்துல ஒண்ணும் வெக்கப்போறதில்ல, ஒரு பழைய சம்பவத்த ஞாபகப்படுத்தற மாதிரி, அது இதுன்னு. அவரு பொறுமையா கேட்டாரு. "பெரியவரே, புள்ளைங்கள கூட்டிட்டு அந்தாண்ட டீக்கடைக்குப் போயிடுங்க"ன்னு மாமாகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனாரு. நல்ல மனுஷன். 2011-ல இங்கிலாந்துல வெதர்பின்ற ஊர்ல ஒருத்தரு கடைத்தெருவுல கேச் டப்பா ஒண்ண வெக்கறதப் பாத்து பயந்துபோயி போலீசக் கூப்பிட்டு, வெடிகுண்டு ஸ்குவாடு வந்து அந்தப் பாவப்பட்ட டப்பாவ வெடிக்கவே வெச்சிட்டாங்க. ஜெயில் மதிலோரத்துல டப்பா வெக்கறதெல்லாம் யோசிக்கவே கூடாத வேலை, புது கேச்ச சரிபாத்து நெட்ல போட ஒத்துக்கற எந்த ரிவ்யூவரும் ஒத்துக்க மாட்டாரு, ஒத்துக்கவும் கூடாது.

டீக்கடையில மனு பாக்க, அதாவது உள்ள இருக்கற சொந்தக்காரங்கள பாக்க, வந்தவங்க கூட்டம். பையில பிஸ்கட்டு, வாழப்பழம், சோப்பு. ஒரு பாட்டி கண்ணூர்காரன மேலயும் கீழயும் பாத்துட்டு, "யாரப் பாக்க வந்த கண்ணு?"ன்னு கேட்டாங்க. அவனுக்கு தமிழ் அரைகொறை, "சும்மா வந்தோம் பாட்டி"ன்னுட்டான். பாட்டிக்கு வந்துச்சே கோவம். "ஜெயிலுக்கு யாராச்சும் சும்மா வருவாங்களா? சொல்ல இஷ்டமில்லைன்னா இல்லைன்னு சொல்லு." அப்புறம் அவன் டீயே குடிக்கல, கிளாஸக் கையில வெச்சிக்கிட்டே உக்காந்திருந்தான்.

அவன் சொன்னத இங்க எழுதறேன், மாமாவுக்குச் சொன்ன மாதிரியே. காவும்பாயின்னு ஒரு ஊரு, ஸ்ரீகண்டாபுரம் பக்கம், அவன் வீட்டுலேருந்து பைக்ல கொஞ்ச நேரம். 1946 டிசம்பர் 30-ம் தேதி அங்க ஒரு குன்றுல கூடியிருந்த விவசாயிங்க மேல போலீஸ் சுட்டுது. காட்ட வெட்டி எரிச்சி பயிர் வெக்கற புனம் கிருஷிக்கு உரிமையக் கேட்டாங்க, பஞ்ச காலம், பண்ணையார்கிட்ட நெல்லு இருக்கு இவங்ககிட்ட இல்ல. சாகாதவங்கள்ல பல பேர புடிச்சி உள்ள போட்டாங்க. மலபார் அன்னிக்கு மதராஸ் மாகாணத்துல ஒரு ஜில்லா, அதனால கண்ணூர் கைதிய சேலத்துல வெக்கறது அன்னிக்கு ஒரு ஜில்லாவுலேருந்து இன்னொரு ஜில்லாவுக்கு மாத்தறதுதான். சுதந்திரம் வந்துச்சி, இவங்க வெளிய வரல. கம்யூனிஸ்ட் கட்சியவே மதராஸ்ல தடை பண்ணிட்டாங்க, இன்னும் நிறைய பேரு உள்ள வந்து சேந்தாங்க. எங்கள அரசியல் கைதிங்களா நடத்துன்னு இவங்க கேக்க, முடியாதுன்னு அவங்க சொல்ல, நாளுக்கு நாள் தகராறு முத்தி அந்தப் பிப்ரவரியில துப்பாக்கி வரைக்கும் போயிடுச்சி. செத்தவங்கள்ல தளியன் ராமன் நம்பியார் ஒருத்தர், காவும்பாய்க்காரரு. அவரு மகனும் அதே ஜெயில்ல இருந்தாரு, அவரு பொழைச்சி வெளிய வந்து ரொம்ப வயசு வரைக்கும் வாழ்ந்தாரு. கேரளத்துக்காரங்க மட்டும் இல்ல, தமிழ்நாட்டுக்காரங்களும் ஆந்திராக்காரரும் அந்த 22-ல உண்டு.

மாமா ஒரே கேள்விதான் கேட்டாரு. "அப்பனும் மவனும் ஒரே எடத்துலயா?"

அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது 1950 ஜனவரி 26. அதுலேருந்து எண்ணிப் பாத்தா பதினாறாவது நாள் இது. குடியரசாயி பதினாறு நாளுதான். நம்ம சேலம் முனிசிபாலிட்டிக்கு ஒரு காலத்துல தலைவரா இருந்த ராஜாஜி அந்த ஜனவரி 26 வரைக்கும் இந்த நாட்டுக்கு கவர்னர் ஜெனரலு, மதராஸ்ல முதல்வர் பி.எஸ். குமாரசாமி ராஜா. எல்லாப் பேரும் ஸ்கூல் புக்குல உண்டு, இந்த ஒரு தேதிய மட்டும் நான் படிச்ச புக்குல பாத்த ஞாபகமே இல்ல.

சனிக்கிழமை, வீட்டுலயும் மாமாங்கத்துலயும்

காலைல மாமாங்கம் பக்கம் போனோம், அத சீக்கிரமா சொல்லிடறேன். வெள்ளக்காரன் சாக் ஹில்ஸ்னு பேரு வெச்ச எடம், பாக்க சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா இருக்கும் ஆனா சுண்ணாம்பு இல்ல, மேக்னசைட். சிமெண்ட் சூளை, உருக்காலை அடுப்புக்கெல்லாம் உள்பூச்சுக்குப் போற கல்லு. டப்பாவே இல்லாம மண்ணையும் பாறையையும் பாத்துட்டு கேள்விக்கு பதில் சொல்ற எர்த்கேச்னு ஒரு வகை இருக்கு, அதுக்கு இது அருமையான எடம். இன்னொரு நாளைக்கு வெச்சிக்கலாம்னு விட்டுட்டோம், சுரங்கப் பள்ளத்துக் கிட்ட போறதுக்கு அனுமதி அது இதுன்னு தனி வேலை.

வர்ற வழியில கண்ணூர்காரன் கேட்டான், உங்க ஊர்ல வேற பெரிய சோகம் எதுவும் இல்லையான்னு. இல்லாமயா. தாது வருஷப் பஞ்சம். 1876லேருந்து 78 வரைக்கும். 1871 கணக்கெடுப்புல சேலம் ஜில்லா ஜனத்தொகை 19 லட்சத்து 67 ஆயிரம் கிட்ட, 1881-ல எண்ணினப்ப 16 லட்சம்தான். அன்னிக்கு தருமபுரி, கிருஷ்ணகிரியெல்லாம் சேந்த பெரிய ஜில்லா, செத்தவங்க பாதி ஊர விட்டு ஓடினவங்க பாதின்னு வெச்சிக்கிட்டாலும் பயங்கரம். ஆனா அதுக்கு எங்க போயி கோஆர்டினேட் எடுக்கறது? ஜில்லா பூராவும்தான் நடந்துச்சி. ஜெயில் விஷயம் அப்பிடி இல்ல, சுத்தி மதில் கட்டின ஒரே எடம், விரல வெச்சி காட்டலாம்.

மத்தியானம் பூராவும் ரூல் புக்கோட மல்லுக்கட்டினோம். டப்பாவ ஏற்காட்டுல வெக்கறதுன்னு மாமா முடிவே பண்ணிட்டாரு, அவருக்குத் தெரிஞ்ச ஒரு காபி எஸ்டேட் மேஸ்திரி இருக்காராம். சரி, அப்ப என்ன வகை கேச்? கணக்குப் போட்டு எடத்தக் கண்டுபிடிக்கற மிஸ்டரி வகைன்னா, கேச்சோட வெப் பக்கத்துல போடற புள்ளிக்கும் நெஜ டப்பாவுக்கும் ரெண்டு மைலுக்கு மேல தூரம் இருக்கக் கூடாது. ஜெயிலுக்கும் ஏற்காட்டுக்கும் பறவை பறக்கற தூரமே பத்து கிலோமீட்டருக்கு மேல. அப்ப மல்டிதான், படிப்படியா போற வகை. அதுல என்ன விசேஷம்னா, போட்ட புள்ளிதான் மொத படி, அங்க நேர்ல போயே ஆகணும். வீட்டுல உக்காந்து கூகுள் பண்ணி நேரா மலைக்கு ஏறிட முடியாத மாதிரி, ஜெயிலுக்கு எதிர்ல ரோட்டோரமா நின்னாத்தான் தெரியற ஒரு விஷயத்த கேள்வியா வெச்சிருக்கோம் (போட்டோ எடுக்க வேணாம், மதில் பக்கம் போக வேணாம், அந்த டீக்கடைப் பக்கமிருந்தே தெரியும்). அதோட மத்த நம்பர்களையும் சேத்து ஃபார்முலாவுல போட்டா மலைமேல இருக்கற எடம் கெடைக்கும்.

அந்த மத்த நம்பர் என்னன்றதுலதான் சண்டை. நான் எழுதின லிஸ்ட்ல ஜெயில் ஆரம்பிச்ச 1862 இருந்துச்சி, பதினாறு நாள் இருந்துச்சி, ஏற்காடு ரோட்டுக் கொண்டை ஊசி வளைவு 20 இருந்துச்சி. 22 இல்ல. செத்தவங்க எண்ணிக்கைய வெச்சி கூட்டல் கழித்தல் போடச் சொல்றது எனக்கு என்னவோ மாதிரி இருந்துச்சி, அத கத பகுதியில எழுதிட்டு கணக்குலேருந்து விட்டுடலாம்னு நெனச்சேன்.

கண்ணூர்காரன் ஒத்துக்கவே இல்ல. "கதையை யாரு படிக்கும்? எல்லாரும் நேரா ஃபார்முலாவுக்குப் போகும். ஃபார்முலாவுல இருந்தா மட்டும் அந்த நம்பர் மண்டையில நிக்கும். மறந்து போகறது மரியாதையா?"ன்னான். நான் இல்ல இது வெளையாட்டு, அது சாவுன்னேன். அவன், வெளையாட்டுல சாவு வேண்டான்னா ஜெயில் எதுக்கு, நேரா லேக்ல போட்டிங் போலாமேன்னான். ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தோம். மாமா சாப்ட்டுட்டு வந்து வெத்தல போட்டுக்கிட்டே கேட்டுட்டு சொன்னாரு:

"22 இருக்கட்டும் மாப்ள. கூட்டு, வேணும்னா பெருக்கு. கழிக்க மட்டும் கழிக்காத."

அதுக்கு லாஜிக் என்னன்னு எனக்கு சொல்லத் தெரியல. ஆனா அதுக்கப்புறம் ரெண்டு பேரும் வாயத் தொறக்கல, ஃபார்முலாவ அப்பிடியே மாத்திட்டேன். 22 கூட்டல்ல வருது.

சாயங்காலம் இன்னொரு ரூல் வந்து நின்னுச்சி. கேச்சோட வெப் பக்கத்துல அரசியல், மதம், நன்கொடைன்னு எந்தப் பிரசாரமும் இருக்கக் கூடாது. இது கம்யூனிஸ்ட்காரங்க செத்த எடம், சர்க்கார் சுட்டது, எப்பிடி எழுதினாலும் ஒரு பக்கம் சாஞ்ச மாதிரித்தானே ஆகும்? அப்பத்தான் ஒண்ணு தோணுச்சி, கோர்ட்டு விஷயத்த எழுதலாம்னு. அது நானே தேடிப் படிச்சது, கண்ணூர்காரனுக்கே முழுசா தெரியல.

பம்பாய்லேருந்து கிராஸ் ரோட்ஸ்னு ஒரு இங்கிலீஷ் வாரப்பத்திரிகை, நடத்தினவரு ரொமேஷ் தாப்பர். சேலம் சூட்ட பத்தி மதராஸ் சர்க்கார கிழி கிழின்னு கிழிச்சி எழுதினாங்க. மார்ச் 1-ம் தேதி மதராஸ் சர்க்கார் ஒரு உத்தரவு போட்டு அந்தப் பத்திரிகை மாகாணத்துக்குள்ளயே வரக்கூடாதுன்னுட்டாங்க, 1949-ம் வருஷத்து பொது ஒழுங்கு பராமரிப்புச் சட்டத்த வெச்சி. தாப்பர் நேரா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாரு. 1950 மே 26-ல தீர்ப்பு, பதஞ்சலி சாஸ்திரி எழுதினது, ஃபசல் அலி மட்டும் மாறுபட்டாரு. பேச்சுச் சுதந்திரத்த தடுக்கணும்னா அரசோட பாதுகாப்புக்கே ஆபத்துன்ற அளவுக்கு இருக்கணும், சும்மா பொது ஒழுங்குன்னு சொல்லி தடுக்க முடியாதுன்னு சொல்லி தடைய ரத்து பண்ணிட்டாங்க. சர்க்கார் சும்மா இருக்குமா, அடுத்த வருஷமே, 1951 ஜூன்ல, அரசியல் சட்டத்துக்கு மொத திருத்தம், அந்தப் பிரிவுல "பொது ஒழுங்கு"ன்ற வார்த்தையையும் உள்ள சேத்தாச்சி. சட்டம் படிக்கற பசங்க எல்லாரும் ரொமேஷ் தாப்பர் வழக்க மனப்பாடம் பண்ணுவாங்க. அந்த வழக்குக்குப் பின்னாடி அஸ்தம்பட்டி மதில் ஒண்ணு இருக்குன்னு எத்தன பேருக்குத் தெரியும்னு எனக்கு சந்தேகம்தான். அதே மே மாசம் 19-ம் தேதிதான் ஏ.கே. கோபாலன் வழக்குத் தீர்ப்பும், தடுப்புக் காவல எதுத்து அவரு போட்டது, அவரும் கண்ணூர்காரரு. அதுல அவரு தோத்துட்டாரு. ஒரே வாரத்துல ஒண்ணு தோல்வி, ஒண்ணு ஜெயிப்பு.

மாமா யூனியன்ல இருந்தவரு, கோர்ட்டு கதைன்னா கண்ணு விரியும். "அப்ப செத்தவனுக்காக யாரும் கேஸ் போடல, பேப்பர்க்காரன் பேப்பருக்காகப் போட்டான்"னாரு. ஆமா, அப்பிடித்தான் ஆகுது.

ஞாயித்துக்கிழமை, ஏற்காடு

ஞாயித்துக்கிழமைல ஏற்காட்டுக்குப் போகாதீங்க. இத தனியா ஒரு போஸ்ட்டாவே போடலாம். அடிவாரம் செக்போஸ்ட்லயே வண்டி வரிசை, மேல லேக்கு பக்கம் போனா பஜ்ஜிக் கடைக்கும் போட்டிங் கியூவுக்கும் நடுவுல மூச்சு விட எடமில்ல. நாங்க பஸ்ல போனோம், மாமாவுக்கு கண்டக்டர் சல்யூட் அடிச்சி முன்னாடி சீட்டு குடுத்தாரு. வளைவுக்கு வளைவு மாமா ஒரு கதை சொல்லிக்கிட்டே வந்தாரு, இந்த எடத்துல காட்டெருமை நின்னுச்சி, இங்க பிரேக்கு சூடாயி நிறுத்தினோம்னு. கண்ணூர்காரன் இருபதையும் எண்ணிக்கிட்டே வந்தான், போர்டு இருக்கில்ல எதுக்குடா எண்றேன்னா, ஃபார்முலாவுல இருக்கே சரிபாக்க வேணாமான்றான்.

லேடீஸ் சீட்னு ஒரு வியூ பாயிண்ட், அங்க நின்னா கீழ சேலம் தெரியும். தை மாசக் கடைசி, காலைல பனி கலைஞ்சதுக்கப்புறம் நல்லாவே தெரிஞ்சிச்சி. போன்ல ஜெயில் புள்ளிய போட்டு அம்புக்குறி காட்டற பக்கம் பாத்தோம், தெற்கால கொஞ்சம் மேற்க. கட்டடக் கூட்டத்துல அதுன்னு பிரிச்சி சொல்ல முடியல. பக்கத்துல ஒரு குடும்பம் செல்ஃபி எடுத்துக்கிட்டிருந்துச்சி, அந்தப் பையன் கண்ணூர்காரன்கிட்ட வந்து "அண்ணா என்ன தேடறீங்க"ன்னான், "ஜெயில்"ன்னான் இவன், பையன் அம்மா பின்னாடி போயி நின்னுக்கிட்டான்.

மத்தியானத்துக்கு மேல எஸ்டேட். சேர்வராயன் மலையில காபி வந்தது 1820-கள்ல, சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டு வந்தாரும்பாங்க. இப்ப அறுவடை முடியற சமயம், களத்துல காபிக்கொட்டை காஞ்சிக்கிட்டிருந்துச்சி, சில்வர் ஓக் மரத்துமேல மிளகுக் கொடி, அதுக்கு மூங்கில் ஏணி சாத்தி மிளகு பறிச்சிக்கிட்டிருந்தாங்க. மேஸ்திரி, மாமா பஸ்ல டிக்கெட் எடுக்காம எத்தனையோ தடவ வந்தவராம், அத ரெண்டு பேரும் சொல்லிச் சொல்லி சிரிச்சாங்க. அப்புறம் விஷயத்துக்கு வந்தோம்.

மேஸ்திரிக்கு ரெண்டு சந்தேகம். "டப்பால என்னங்க இருக்கும்?" நோட்டு, பென்சில், அவ்வளவுதான். "அத எடுக்க எவ்ளோ பேரு வருவாங்க?" வருஷத்துக்கு பத்துப் பேரு வந்தா பெரிய விஷயம்னேன், அவருக்கு அது ஏமாத்தமா நிம்மதியான்னு தெரியல. யாருக்காகன்னு கேட்டாரு, கண்ணூர்காரன் அவன் தமிழ்ல சொன்னான். ஜெயில்ல சுட்டது, மலபார்க்காரங்க, காட்டுல புனம் போட்டவங்கன்னு. மேஸ்திரி இந்த மலை ஆளு. "புனக்காடு எங்க தாத்தா காலத்துல இங்கயும் போட்டாங்களே, ஃபாரஸ்ட்காரங்க வுடல"ன்னாரு. முதலாளிகிட்ட போன்ல பேசி எழுத்துல அனுமதி வாங்கித் தர்றதா சொல்லிட்டாரு. ரிவ்யூவர் கேப்பாருன்னு நாங்கதான் எழுத்துல வேணும்னோம்.

எடம் தேடினதுதான் வேலை. மரத்தடியில ஜிபிஎஸ் ஆடும், இலை அடர்த்தியில சிக்னல் சிதறும், ஒரு தடவ காட்டினது அடுத்த தடவ எட்டு மீட்டர் தள்ளிக் காட்டுச்சி. கிளை கொஞ்சம் விலகி வானம் தெரியற ஒரு பாறைய மேஸ்திரியே காட்டினாரு, அடியில ஒரு பொந்து, தோண்ட வேண்டியதில்ல. நான் சேலத்துக்காரன்ற பெருமையில எவர்சில்வர் டப்பா கொண்டு போயிருந்தேன். மேஸ்திரி பாத்தவுடனே வேணாம்னுட்டாரு, பளபளன்னு இருந்தா கொரங்கு தூக்கிட்டுப் போயிடும், ஒரு மணி நேரம் தாங்காதுன்னு. கடைசியில எஸ்டேட் கிச்சன்லேருந்து ஒரு பழைய பச்சைக் கலர் பிளாஸ்டிக் டப்பா, நாலு பக்கமும் கிளிப்பு போடறது, ஊறுகா வாசன போகவே இல்ல. ரெண்டு தடவ வெந்நீர்ல கழுவியும் போகல. (கேச்ல சாப்பாட்டு வாசன இருக்கக் கூடாது, மிருகம் வரும், அதனால உள்ள காபித்தூள் போட்டு ஒரு ராத்திரி வெச்சி வாசன எடுத்துட்டு நாளைக்கு மேஸ்திரி வெக்கறாரு.)

நோட்டுல மொத பக்கம் எழுதணும். கண்ணூர்காரன் மலையாளத்துல எழுதினான், நான் அதுக்குக் கீழ தமிழ்ல. 1950 பிப்ரவரி 11, சேலம் மத்திய சிறை, 22 பேர். பேரெல்லாம் எழுதலாம்னு அவன் சொன்னான், ஊர்ல இருக்கற நினைவுத்தூண்லேருந்து சரிபாத்து அனுப்பறேன், ஸ்பெல்லிங் தப்பாகக் கூடாதுன்னு. அதுக்கு ஒரு பக்கம் காலியா விட்டிருக்கோம்.

திங்கக்கிழமை, திரும்பி வந்து

பக்கத்த சப்மிட் பண்ணியாச்சி. அஞ்சுக்கு கஷ்டம் 2.5, நடக்கற சிரமம் 2 போட்டிருக்கேன். கண்ணூர்காரன் காலைலயே ரயிலேறிட்டான், தட்டுவடை பார்சலோட.

ரிவ்யூவர் பதில் மத்தியானமே வந்துடுச்சி. ரெண்டு விஷயம் கேட்டிருக்காரு. ஒண்ணு எஸ்டேட் அனுமதிக் கடிதம், அது மேஸ்திரி வாட்ஸப்ல அனுப்பினத ஃபார்வர்டு பண்ணிட்டேன். இன்னொண்ணு, கத பகுதியில ஒரு பாரா அரசியல் மாதிரி இருக்கு, மாத்துங்கன்றாரு. எந்தப் பாரான்னு பாத்தா நாங்க பயந்து பயந்து எழுதின ஜெயில் பாரா இல்ல, அத அப்பிடியே ஒத்துக்கிட்டாரு. 1951 திருத்தத்த பத்தி நான் கடைசியில ரெண்டு வரி காட்டமா எழுதியிருந்தேன், அதத்தான் எடுக்கச் சொல்றாரு. எடுத்துட்டேன், தேதி மட்டும் நிக்குது.

போறவங்களுக்கு: ஜெயில் பக்கம் சனி ஞாயிறு வேணாம், வார நாள்ல காலைல போங்க, மனு பாக்க வர்றவங்க ஒக்காந்திருக்கற பெஞ்ச ஆக்கிரமிக்காதீங்க, கேட்ல இருக்கறவர் கேட்டா மறைக்காம சொல்லுங்க. சேலத்துலேருந்து ஏற்காடு பஸ்ஸு ஜெயில் பக்கமாத்தான் வரும், மொத படிய முடிச்சிட்டு அங்கயே ஏறிக்கலாம். மலையில டப்பா இருக்கறது தனியார் எஸ்டேட், நடைபாதைய விட்டு எறங்கி மிளகுக் கொடிய மிதிக்காதீங்க, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல காட்டெருமை நடமாட்டம் இருக்கும், அதுக்குள்ள எறங்கிடுங்க. பென்சில் உள்ள இருக்கு, ஆனாலும் பேனா ஒண்ணு கொண்டு போங்க, மேஸ்திரி பேரன் பென்சில எடுத்துட மாட்டான்னு உத்தரவாதம் இல்ல.